பிரின்சும் மிளகும் ஏரிக்கரையில் வலம் வந்த கதை

1. ஜமக்காளத்தில் நடந்தது

ஆனி மாதம் முதல் ஞாயிறு. ராகு காலம் சாயங்காலம் நாலரைக்குத்தான். நான் காலை ஒன்பது மணிக்கே நேரம் குறித்துவிட்டேன். ராஜேஸ்வரி அம்மா வீட்டு ஹாலில் புது ஜமக்காளம் விரித்து, ஒரு பக்கம் பிரின்ஸ், எதிர்ப்பக்கம் மிளகு என்று இரண்டு நாய்களையும் உட்காரவைத்தேன். இரண்டுக்கும் நெற்றியில் குங்குமம் வைத்தேன். நடுவில் ஒரு சில்வர் தட்டில் வேகவைத்த கோழி ஈரல். நல்ல காரியத்தை வாய்க்கு ருசியாக ஆரம்பிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிரின்ஸ் ராஜேஸ்வரி அம்மா வளர்க்கும் லேப்ரடார், மூன்று வயது ஆண். மிளகு அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் கலைச்செல்வியின் பெண் நாய். மலையில் பிறந்த நாட்டு நாய், கன்னங்கரேல் என்று இருக்கும். கலை கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வெள்ளிமலையில் வாடகை அறையில் தங்கியிருந்த நான்கு வருடமும் மிளகுதான் கலைக்குத் துணை. வைகாசியில் கல்யாணம் ஆனதும் அறையைக் காலி செய்துவிட்டு, சீரோடு சீராக நாயையும் புகுந்த வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டது. அன்றிலிருந்து மிளகு பின்பக்க மாட்டுக் கொட்டகையில் கட்டுண்டு கிடந்தது. பிரின்ஸ் ஜன்னலில் ஏறி நின்று, தொண்டை கட்டும்வரை அதைப் பார்த்துக் குரைத்தது. அதைச் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பிரின்சின் சங்கிலியை ராஜேஸ்வரி அம்மாவின் மகன், கலையின் வீட்டுக்காரர் பிரபு இழுத்துப் பிடித்திருந்தார். மிளகின் சங்கிலியைக் கலை பிடித்திருந்தது. சொந்தக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பிரின்ஸ் கண் இமைக்காமல் முறைத்தது. மிளகு தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தது. புதுப் பெண் வெட்கப்படுகிறது என்று நினைத்தேன். அதன் தாடையைப் பிடித்துத் திருப்பி, "இங்க பாரும்மா, மாப்பிள்ளைய நல்லா பாரு" என்றேன்.

அவ்வளவுதான். பிரின்ஸ் பாய்ந்தது. ஈரல் தட்டு பறந்துபோய் டி.வி.யில் மோதியது. பிரபு சங்கிலியை விடவில்லை; ஜமக்காளத்தோடு சேர்ந்து ஹால் முழுக்க வழுக்கிக்கொண்டு போனார். பிரபுவின் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோபா மேல் ஏறினார். பாதி வேட்டிதான் அவரோடு ஏறியது. மிளகு ஒரே ஒருமுறை வாயைத் திறந்து மூடியது. "வீல்" என்று கத்திக்கொண்டு பிரின்ஸ் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் நுழைந்துகொண்டது. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.

"ஐயோ, என் புள்ள காது!" என்று ராஜேஸ்வரி அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஏழுமல, நீ நாய் ஆஸ்பத்திரியிலதான இருந்த? இன்னாத்த கத்துக்கினு வந்த அங்க?"

நான் குனிந்து சிதறிய ஈரலைப் பொறுக்கினேன். அந்த அம்மா மருமகள் பக்கம் திரும்பினார்.

"கலை, இத கேட்டுக்கோ. ஆடி பொறக்கறப்ப உங்கம்மா வூட்டுக்கு போவ இல்ல? அப்ப இந்த நாயையும் இட்டுக்கினு போயிடு. ஆவணியில நீ மட்டும் வா."

கலையின் அப்பா அம்மா சங்கராபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஆடி ஒரு மாதம் மட்டும் என்றால் நாயைப் பொறுத்துக்கொள்வதாக அந்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது. கலை ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னது.

"மிளகு இல்லாத வூட்டுக்கு நானும் வரமாட்டன் அத்த."

பெரியப்பா இன்னும் சோபாவிலிருந்து இறங்கவில்லை. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத குடும்பம். நான் வைத்த தட்டினால் இப்படி ஆகிவிட்டதே. "அம்மா, ஆனி முடியறவரைக்கும் டைம் குடுங்க. எங்கப்பன் முருகன் மேல ஆணையா சேத்து வைக்கறன்" என்று சொல்லிவிட்டேன். அவன் பெயரைச் சொன்ன பிறகு பின்வாங்க முடியாது.

2. எனக்குத் தெரிந்ததும் தெரியாததும்

நாய் பழக்கும் இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் சொந்தமாக வைத்திருந்த கால்நடை கிளினிக்கில் இருபத்தெட்டு வருடம் உதவியாளாக இருந்தேன். நாயைப் பிடிப்பேன், வாய்க்கட்டு போடுவேன், ஊசி போடும்போது அமுக்குவேன், டிரிப்ஸ் பாட்டில் மாட்டுவேன். முதல் நாளே டாக்டர் எனக்குச் சொன்ன வேலை, "வெளிய காத்துக்கினு இருக்கற நாயிங்க ஒண்ண ஒண்ணு பாக்காம பாத்துக்கோ" என்பதுதான்.

இருபத்தெட்டு வருடமும் நான் நாய்களைப் பிரித்துத்தான் வைத்தேன். ஒரு நாயைப் பிடிக்க எனக்குத் தெரியும். இரண்டு நாய்களைச் சேர்க்கத் தெரியாது. தெரியாது என்பதே எனக்கு அந்த ஞாயிறு வரைக்கும் தெரியாது.

டாக்டர் இப்போது வயதாகி மகன் வீட்டில் இருக்கிறார். போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"யோவ் ஏழுமல, நாய்க்கு பொண்ணு பாத்தியா நீ?"

"நல்ல நேரம்லாம் பாத்துதான் சார் செஞ்சன்."

"நேரம் பாத்த, நாய பாத்தியா? அந்த லேப் குட்டியா இருக்கச்சொல்ல எங்க வளந்துது?"

அதை ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன், சொன்னேன். நாற்பது நாள் குட்டியாக வாங்கி வந்து, ஆறு மாதம் மொட்டை மாடியிலேயே வைத்திருந்தார்கள். கண்பட்டுவிடும், தெருநாய் வியாதி ஒட்டிக்கொள்ளும் என்று ராஜேஸ்வரி அம்மா வெளியே விட்டதே இல்லை. மூன்று வருடத்தில் பிரின்ஸ் மற்ற நாய்களைப் பார்த்ததெல்லாம் வாசல் கேட் கம்பி வழியாகத்தான்.

"அதான். மூணு மாசத்துக்குள்ள ஒரு குட்டி நாலு நல்ல நாயோட பழவணும். ஊசி போட்ட, கோவம் இல்லாத நாயா பாத்து பழக்கணும். தெருவுல எறக்கி வுட பயமா இருந்தா, கையில தூக்கிக்கினு போயாவது காட்டணும். அப்பதான் நாய் பாஷை வரும். இதுக்கு பாஷையே தெரியாது. பயத்துல பாயுது. அந்த மலை நாய் மூஞ்ச திருப்பிக்கிச்சே, அது வெக்கம் இல்லய்யா. 'நான் சண்டைக்கு வரல சாமி'ன்னு சொல்லுது. நீ தாடைய புடிச்சி திருப்பிக்கினு இருக்கற!"

"அப்ப இப்ப இன்னா சார் பண்றது?"

"எதிர்ல ஒக்கார வைக்காத. கொஞ்சம் கொஞ்சமா பழக்கு" என்றார். பிறகு இருமல் அதிகமாகி, அவர் மருமகள் போனை வாங்கி வைத்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக என்றால் எப்படி? எதிரில் வேண்டாம் என்றால் வேறு எங்கே? இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

3. மச்சான் ஓரமாக நடந்தார்

அந்த வாரமே பௌர்ணமி வந்தது. நான் மாதம் தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவன். மூங்கில்துறைப்பட்டு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, சாயங்காலம் நான்கு மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரத்திலேயே சாலையின் மறு ஓரத்தில் என் மச்சான் முனுசாமி நடப்பதைப் பார்த்தேன்.

முனுசாமி என் வீட்டுக்காரியின் அண்ணன். எங்களுக்குள் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. தப்பு என்னுடையது. என் மகள் கல்யாணப் பத்திரிகையை எழுதிக் கொடுத்தபோது, தாய்மாமன் பெயரையே எழுத மறந்துவிட்டேன். கடவுள் பெயர் ஏழு போட்டிருந்தேன். மச்சான் பெயர் இல்லை. மனிதர் சீர்த்தட்டோடு வந்தார், வைத்தார், கை நனைக்காமல் போய்விட்டார்.

சமாதானம் செய்கிறேன் என்று என் வீட்டுக்காரி ஒருமுறை இரண்டு பேரையும் வீட்டில் எதிரெதிரே உட்காரவைத்து வாழை இலை போட்டாள். "ஏழு சாமி பேரு ஞாபகம் வந்துது, என் பேரு வரல" என்று அவர் ஆரம்பிக்க, "சாமிங்க கோவிச்சிக்கினு போவாது மச்சான்" என்று நான் சொல்லித் தொலைக்க, சாம்பார் ஊற்றும் முன்பே அவர் எழுந்து போய்விட்டார்.

அதே மனிதர்தான் இப்போது சாலையின் அந்த ஓரம் நடந்தார். நான் இந்த ஓரம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன். வழியில் வருகிற எட்டு லிங்கத்தில் இரண்டைத் தாண்டினோம். கூட்டம் தள்ளியதில் நடுவில் இருந்த இடைவெளி குறைந்தது. மூன்றாவது லிங்கத்தில் அவர் எனக்கு நான்கு முழம் தள்ளி நடந்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில், என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டே, "முட்டி வலிக்கிதா?" என்றார்.

"கொஞ்சம் ஜாஸ்தியாதான் இருக்குது" என்று நானும் மலையைப் பார்த்தே சொன்னேன்.

"மெதுவா நட. எவன் தொரத்தறான்?"

அடி அண்ணாமலை வருவதற்குள் ஒரே பொட்டலத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. இத்தனை ஆயிரம் பேர் நடக்கிறார்கள், ஒரு சண்டை இல்லை. ஏன்? ஒருத்தருக்கு ஒருத்தர் எதிரே இல்லை. எல்லாரும் ஒரே பக்கம் போகிறார்கள். நின்று முறைக்க நேரம் இல்லை. இடைவெளி வேண்டுமென்றால் ஒதுங்கலாம், வேண்டாமென்றால் நெருங்கலாம்.

"மச்சான், நாயிங்களுக்கு கிரிவலம்!" என்று கத்திவிட்டேன்.

முனுசாமி சுண்டலைக் கீழே விட்டுவிட்டார். "பயித்தியம் புடிச்சிச்சா உனக்கு? ரெண்டு வருஷம் கழிச்சி ஒரு மனுஷன் பேச வந்தா, நாயின்னு சொல்றான்."

4. ஏரிக்கரை

திருவண்ணாமலைக்கு நாய்களைக் கூட்டிப்போக முடியாது. எங்கள் ஊர் ஏரிக்கரை போதும். அது பிரின்ஸ் வீடும் இல்லை, மிளகு வீடும் இல்லை. யாருக்கும் சொந்தம் கொண்டாட வழியில்லாத இடம். அதுவும் முக்கியம்.

காலை ஐந்தரைக்கு நடை. கலை பள்ளிக்கூடம் போக ஏழு மணிக்கு பஸ் ஏற வேண்டும். பிரின்சை யார் பிடிப்பது என்று கேள்வி வந்தது. பிரபு, "நான் ஜமக்காளத்துல போனதே போதும்ணா" என்று கும்பிட்டுவிட்டார். வேறு ஆள் இல்லாமல் ராஜேஸ்வரி அம்மாவே நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு சங்கிலியைக் கையில் எடுத்தார்.

முதல் நாள் மிளகும் கலையும் கரைக்கு மேலே, பிரின்சும் ராஜேஸ்வரி அம்மாவும் கீழே வயல் வரப்பில். நடுவில் நாற்பது அடி இருக்கும். ஏரியை வலது கைப்பக்கம் வைத்து வலமாகத்தான் நடக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இடமாக நடந்தால் நாய்களுக்கு ஒன்றும் இல்லை. என் மனசுக்குத்தான் ஒப்பாது.

"அம்மா, சங்கிலிய இழுக்காதீங்க. தொங்கவுடுங்க."

"இழுக்கலனா அது போயி கடிச்சிக்கும்பா."

"நீங்க இழுக்க இழுக்க, நம்ம அம்மாவே பயப்படறாங்க, எதிர்ல ஏதோ பெரிய ஆபத்து கீதுன்னு அது நெனச்சிக்கும்."

"நான் ஏன் பயப்படறன் அந்தக் கருவாச்சி நாய்க்கு?" என்றார். ஆனால் சங்கிலி கம்பிபோல விறைப்பாகத்தான் இருந்தது.

முதல் நாள் பிரின்ஸ் ஏரி முழுக்கக் குரைத்தது. கொக்கெல்லாம் பறந்துவிட்டது. இரண்டாம் நாள் பாதி ஏரி. நான்காம் நாள் குரைப்பதை விட்டுவிட்டு மேலே பார்ப்பதும் நடப்பதுமாக இருந்தது. குரைக்காமல் பத்து அடி நடந்தால் ஒரு துண்டு பொறை ரொட்டி. இரண்டு நாய்க்கும் தனித்தனி கையிலிருந்து. நடுவில் தட்டு வைக்கும் வேலையை அந்த ஞாயிறோடு விட்டேன்.

ஏரி முடிகிற இடத்தில் பாய் கடை. பொறை அங்கேதான் வாங்குவேன். ஐந்தாம் நாள் பாய் கடை வாசலில் வந்து நின்றார்.

"இன்னா ஏழுமல, தெனம் நாய்க்கு ஊர்வலம் வுட்டுக்கினு இருக்கற? எலெக்சன்ல நிக்கிதா?"

"குடும்பம் ஒண்ணு சேரணும் பாய். துவா பண்ணுங்க."

"யாரு குடும்பம்? நாய் குடும்பமா, நடத்தறவங்க குடும்பமா?" என்று கேட்டுவிட்டு டீ ஆற்றப் போனார். அப்போது அது என் காதில் ஏறவில்லை. நான் நாய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் இரண்டும் கரைமேல், பத்து அடி இடைவெளியில். பதினோராம் நாள் மிளகை முன்னால் விட்டு, பிரின்சைப் பின்னால் நடக்கவிட்டேன். பிரின்ஸ் எட்டிப்போய் மிளகின் பின்பக்கம் மோந்தது.

"சீ, இன்னாங்க இது அசிங்கம்! பிரின்ஸ், வாடா இந்தண்ட!"

"வுடுங்கம்மா, அதுங்களுக்கு அதான் வணக்கம். மூணு எண்ணிட்டு கூப்பிட்டுக்கலாம்."

"குட்டி கிட்டி..."

"நம்ம பிரின்சுக்கு ஆனாப்பல மிளகுக்கும் குட்டி போடாம ஆபரேஷன் ஆயிடுச்சி அத்த" என்றது கலை. அத்தையைப் பார்த்து அந்தப் பெண் தானாகப் பேசியது, ஜமக்காளத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பதினைந்தாம் நாள்தான் சோதனை வந்தது. பாய் கடை அருகே குப்பைமேட்டிலிருந்து மூன்று தெருநாய்கள் நேராக பிரின்சை நோக்கி ஓடி வந்தன. நான் பத்து அடி பின்னால் இருந்தேன். ராஜேஸ்வரி அம்மா "முருகா!" என்று அலறினார். நாற்பது கிலோ பிரின்ஸ் பதினைந்து கிலோ மிளகின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. யானை முருங்கை மரத்துக்குப் பின்னால் ஒளிந்தது போல இருந்தது.

கலை சங்கிலியை இழுக்கவில்லை. மிளகு ஓடவும் இல்லை, குரைக்கவும் இல்லை. மெதுவாகக் குறுக்கே திரும்பி நின்றது. தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஏதோ தொலைத்தது போலத் தரையை மோந்தது. வந்த மூன்றும் வேகம் குறைந்து நின்றன. அவையும் தரையை மோந்தன. தலைவன் நாய் வந்து மிளகை ஒரு சுற்று மோந்து பார்த்தது, வாலை அகலமாக ஆட்டியது, சரி வா போகலாம் என்பது போலத் திரும்பிவிட்டது.

மலையில் ஆடு மேய்க்கிறவர்களின் நாய்க் கூட்டத்தில் வளர்ந்த நாய் அது. பத்து நாயோடு ஒரே பள்ளிக்கூட வாசலில் சோற்றுக்குக் காத்திருந்த நாய்.

ராஜேஸ்வரி அம்மா கரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வந்ததும் முதல் பேச்சு:

"பாத்தியா ஏழுமல, எம்மாம் மரியாதையா பேசி அனுப்பிச்சிது! இவன் பாரு, தின்னு தின்னு சோளக்கொல்ல பொம்மையாட்டம் நிக்கிறான்." பிறகு கலையிடம், "இதுக்கு இன்னா சோறு குடுத்து வளத்த?" என்றார்.

"நான் துன்றதுதான் அத்த. சாம அரிசி கஞ்சி கூட குடிக்கும்."

"நாளைக்கு இவனுக்கும் அதையே போடு. பாலும் முட்டையும் போட்டு இன்னா கண்டன்?"

திரும்பும்போது கவனித்தேன். ராஜேஸ்வரி அம்மா கையில் சங்கிலி தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கியது. பிரின்ஸ் முன்கால் இரண்டையும் நீட்டித் தாழ்ந்து, பின்பக்கத்தைத் தூக்கி, மிளகை விளையாடக் கூப்பிட்டது. சாஷ்டாங்க நமஸ்காரத்தில் பாதி. மூன்று வருடத்தில் அது முதல்முதலாகப் பேசிய நாய் பாஷை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருகா, என் வாக்கைக் காப்பாற்றினாய் என்று ஏரிக்கரையிலேயே விழுந்து கும்பிட்டேன். பிரின்ஸ் அதையும் விளையாட்டு என்று நினைத்து என் முதுகில் ஏறியது.

5. ஆடி பிறந்தது

ஆனி கடைசி நாள் கலையின் அப்பாவும் அம்மாவும் பெண்ணைக் கூட்டிப்போக வாடகைக் காரில் வந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நாய்கள் சேர்ந்துவிட்டன என்பது எனக்குத் தெரியும். ஆனால் ராஜேஸ்வரி அம்மா சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை. சொன்னால் சொன்னதுதான் என்கிற பெண்மணி. கலையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியோடு மிளகின் தட்டு, துண்டு எல்லாவற்றையும் கட்டி எடுத்து வைத்திருந்தது.

வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள். பூ வைத்தார்கள். மிளகு காரில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தது. கலை பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தியது.

பிரின்ஸ் வாசலிலிருந்து பார்த்தது. நேராக வந்து கார் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டது. பிரபு கூப்பிட்டார், வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், காதைக்கூட அசைக்கவில்லை. அப்புறம் மூக்கை மேலே தூக்கி ஒரு ஊளை விட்டது. பெரியப்பா முன்னெச்சரிக்கையாக வேட்டியை இறுக்கிக்கொண்டார்.

ராஜேஸ்வரி அம்மா பிரின்சைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்ப்பதுபோல எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்கைப் பார்த்தேன். அந்த அம்மா விறுவிறு என்று போய்க் கார்க் கதவைத் திறந்தார்.

"எறக்கு அத."

"எத அத்த?"

"மிளக எறக்குடி. ஆடிக்கு அம்மா வூட்டுக்கு போறது மருமவ. நாய்க்கு ஏது ஆடி?"

கலை இறங்கவில்லை. "ஆவணி பொறந்தா?" என்றது.

"பொறந்தா இன்னா? நீ வந்துதான ஆவணும்? இதுங்க ரெண்டயும் தெனம் ஏரிக்கு யாரு இட்டுக்கினு போவறது, நான் ஒருத்தியேவா? எனக்கு ரெண்டு கைதான் கீது!"

கலை சிரித்ததா அழுததா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிளகின் தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாமியார் கையில் கொடுத்தது. "ஒண்ணாந்தேதியே வந்துடறன் அத்த" என்றது.

மிளகு இறங்கியது. பிரின்ஸ் சக்கரத்தை விட்டு எழுந்தது. கார் போனது. ராஜேஸ்வரி அம்மா அதுவரை கெட்டியாக நின்றவர், கார் திரும்பியதும் என்னிடம், "அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணி கஞ்சிக்கு எவ்ளோ தண்ணி வைக்கணும்னு கேளு" என்றார். "இப்பதானம்மா போச்சி" என்றேன். "அதுக்கு இன்னா?" என்றார்.

6. உங்களுக்குச் சொல்வது

குட்டி வாங்கினால் மாடியில் பூட்டாதீர்கள். டாக்டரைக் கேட்டு ஊசி போட்டு, மூன்று மாதத்துக்குள் நல்ல நாய்களோடு பழக்குங்கள். வளர்ந்த நாய் என்றால் அவசரம் வேண்டாம். பொது இடம், தளர்ந்த சங்கிலி, நடுவில் தீனி வேண்டாம், கூட்டம் வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாயைத் திருப்பாதீர்கள். அது நல்ல வார்த்தை சொல்கிறது. எதிரே நிறுத்தாமல், ஒரே பக்கமாக நடக்கவிடுங்கள். நேரம் காலம் பார்ப்பது உங்கள் இஷ்டம். நான் இன்றும் பார்க்கிறேன்.

போன மாதம் என் பேத்திக்குக் காது குத்தினோம். பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் மச்சானிடம் காட்டிவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரி அவரை அழைத்து, வாழை இலை அறுக்கப் போனாள். இலை வேண்டாம் என்று தடுத்தேன். நானும் முனுசாமியும் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். வலமாக நடந்துகொண்டே நான் படித்தேன். அவர் பெயர் வந்த இடத்தில் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தபா படி" என்றார்.

ஏரி ஒரு சுற்று முடியும்வரை அந்த வரியையே படித்தேன்.